சார்ஜர் இருக்கிறது, வேலை செய்கிறதா?

மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் சம்ருத்தி நெடுஞ்சாலையின் நீளம் 701 கி.மீ. 2022 டிசம்பரில் நாக்பூருக்கும் ஷிர்டிக்கும் இடையிலான 520 கி.மீ. முதலில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து செல்லும் கடைசித் துண்டு, இகத்புரியிலிருந்து தாணே மாவட்டத்து ஆமனே வரை, 2025 ஜூனில்தான் திறந்தது. பழைய சாலையில் பதினாறு மணி நேரம் பிடித்த பயணம் இனி எட்டு மணி நேரம் என்று மகாராஷ்டிர அரசு பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்ட உண்மை. மின்சாரக் கார் வைத்திருப்பவரிடம் கேட்டால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். எந்தக் கார், எந்த மாதம், எவ்வளவு வேகம், வழியில் எந்த சார்ஜர் என்று நான்கு எதிர்க்கேள்விகள் போடுவார். நான்காவது கேள்விதான் விஷயமே.

இத்தனைக்கும் மாநில அரசு அவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறது. 2025-ல் வெளியான மகாராஷ்டிரத்தின் மின்வாகனக் கொள்கை, சம்ருத்தி, மும்பை-புனே விரைவுச் சாலை, அடல் சேது மூன்றிலும் மின்சாரக் கார்களுக்குச் சுங்கவிலக்கு அறிவித்தது. சம்ருத்தியில் காருக்குக் கி.மீ.க்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் சுங்கம். முழுத் தூரத்துக்கும் சேர்த்தால் ஒரு வழிக்கு ரூ. 1,400 மிச்சம். சாதாரணத் தொகையல்ல. ஆனால் நடுவழியில் பேட்டரி தீர்ந்து காரை இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிட்டால், அந்த மிச்சம் முதல் இருபது கிலோமீட்டருக்குள் கரைந்துவிடும்.

முதலில் பேட்டரியைப் பற்றி. மின்சாரக் கார் என்றாலே ‘போகிற வழியில் நின்றுவிடுமே’ என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. பெங்களூரில் 2001-ல் ரேவா கார் விற்பனைக்கு வந்தபோது அது நியாயமான பயம். ஈய-அமில பேட்டரி, ஒரு சார்ஜுக்குச் சுமார் 80 கி.மீ. அலுவலகம் போய் வரலாம், காய்கறி வாங்கி வரலாம், அவ்வளவுதான். 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் 30.2 யூனிட் பேட்டரி (வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான்). சான்றிதழில் 312 கி.மீ., சாலையில் 200 கி.மீ. போனால் போதும் என்ற நிலை. 2024 ஆகஸ்டில் டாடாவின் கர்வ் 55 யூனிட் பேட்டரியுடன் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மஹிந்திரா 79 யூனிட் பேட்டரி கொண்ட கார்களை அறிமுகம் செய்தது. கால் நூற்றாண்டுக்குள் இத்தனை தூரம் வந்த பிறகும் பேட்டரியையே குறை சொல்வது சோம்பேறித்தனம்.

குறை சொல்ல வேண்டியது விளம்பரத்தை. கர்வ் காருக்குச் சான்றிதழ் தரும் தூரம் 585 கி.மீ. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது 400-லிருந்து 425 கி.மீ. என்று கம்பெனியே இன்னொரு எண்ணையும் தருகிறது. ஒரே காருக்கு ஒரே கம்பெனி இரண்டு எண்கள் சொல்வது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்ல முன்வந்ததற்காகப் பாராட்டத்தான் வேண்டும். இந்திய முறைப்படி காரைப் பரிசோதிக்கும்போது அது ஆய்வுக்கூட உருளைகள் மீது ஓடுகிறது. அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. தான், அதுவும் சிறிது நேரத்துக்கு. மற்ற நேரமெல்லாம் நகரத்துப் போக்குவரத்து மாதிரி நின்று நின்று போகும். சம்ருத்தியில் சமவெளிப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் 120.

90-க்கும் 120-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? காற்றுக்குத் தெரியும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பெட்ரோல் காருக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் பெரும் பகுதியை எப்போதுமே வெப்பமாக வீணடிக்கிறது. அந்த ஊதாரித்தனத்தில் இந்தக் கூடுதல் செலவு கண்ணில் படுவதில்லை. மின் மோட்டார் சிக்கனக்காரன். செலவழித்த ஒவ்வொரு காசும் கணக்கில் தெரியும். 55 யூனிட் பேட்டரி கொண்ட நடுத்தர அளவுக் கார் 90-ல் போனால் 380 கி.மீ. வரை போகலாம். 100-ல் 330. எந்நேரமும் 120-ல் விரட்டினால் 270-ஐத் தொடுவதே கஷ்டம். இவை தோராயக் கணக்குகள்தான். எதிர்க்காற்று, மழை, கூரைமேல் கட்டிய பெட்டி எல்லாம் இன்னும் குறைக்கும்.

மலை ஏற்றத்தைப் பற்றி அநாவசிய பயம் உண்டு. மும்பைப் பக்கத்திலிருந்து இகத்புரிக்கு ஏறும் உயரம் சுமார் 600 மீட்டர். ஆட்களும் சாமான்களுமாக ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மூன்று யூனிட் கூடுதலாகச் செலவாகும். அவ்வளவுதான். திரும்பி வரும்போது இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிடும். பிரேக்கை மிதித்து வெப்பமாக்கிக் காற்றில் விடுகிற பெட்ரோல் காருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. விதர்பாவின் மே மாத வெயிலில் 45 டிகிரியில் ஏ.சி. போட்டால் பேட்டரி காலியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நெடுஞ்சாலை வேகத்தில் ஏ.சி.க்குப் போவது மொத்தச் செலவில் சிறு பங்கு. நகரத்து நெரிசலில் நகராமல் நிற்கும்போதுதான் அது உறைக்கும்.

இனி 701 கி.மீ. கணக்கு. வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்துடன் கிளம்பி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், பத்து சதவீதம் மிச்சமிருக்கும்போது 300 கி.மீ. கடந்திருக்கும். அங்கே எண்பது சதவீதம் வரை ஏற்றிக்கொண்டால் இன்னொரு 230 கி.மீ. மீண்டும் ஒரு முறை ஏற்றினால் நாக்பூர். ஆக இரண்டு நிறுத்தங்கள். ஏன் எண்பதோடு நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். பேட்டரி நிரம்புவது சினிமாக் கொட்டகை நிரம்புவது போல. ஆரம்பத்தில் வருகிறவர்கள் திமுதிமுவென்று போய் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் வருகிறவர்கள் இருட்டில் காலியிடம் தேடித் தடவிக்கொண்டு போக வேண்டும். பத்திலிருந்து எண்பது வரை ஏற நாற்பது நிமிடம் என்றால், எண்பதிலிருந்து நூறுக்கு ஏற அதே அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். சாலையில் காத்திருந்து நூறாக்குவது நஷ்டக் கணக்கு.

நல்ல சார்ஜர் கிடைத்தால் நிறுத்தத்துக்கு முக்கால் மணி நேரம். இரண்டும் சேர்த்து ஒன்றரை மணி. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பம் 700 கி.மீ. பயணத்தில் சாப்பாடு, காபி, கழிப்பறை என்று எப்படியும் ஒரு மணி நேரம் நிற்கும். கார் சார்ஜ் ஆகும்போதே ஏ.சி. ஓடும், பாட்டி காரிலேயே கண்ணயரலாம். ஆக பெட்ரோல் காரைவிட உண்மையான தாமதம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. எட்டு மணி நேரப் பயணத்தில் இதைப் பெரிதுபடுத்துகிறவர்கள் கார் வாங்கும் எண்ணத்திலேயே இல்லாதவர்கள்.

பணமும் மின்சாரக் காரின் பக்கம்தான். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் இந்தப் பயணத்துக்கு ரூ. 4,500 ஆகும். மின்சாரத்தில் முதல் 50 யூனிட் வீட்டில் ஏற்றியது. வழியில் ஏற்றும் 66 யூனிட்டுக்கு 20 முதல் 25 ரூபாய் வீதம் (இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம்). எல்லாம் சேர்த்து ரூ. 2,000-ஐ ஒட்டி முடிந்துவிடும். காருக்கு 5 சதவீத வரி போட்டு ஊக்குவிக்கும் அரசு அதற்கு ஏற்றும் மின்சாரச் சேவைக்கு 18 சதவீதம் போடுவது ஏன் என்பது நிதியமைச்சகத்துக்கே வெளிச்சம்.

இதுவரை எல்லாம் காகிதத்தில். காகிதத்தில் எல்லா சார்ஜர்களும் வேலை செய்கின்றன.

சாலையில் நடப்பது வேறு. கைபேசியில் உள்ள ‘ஆப்’ பச்சைப் புள்ளி காட்டுகிறது. நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி நான்கு கி.மீ. உள்ளே போனால் ஒரு ஓட்டல், அதன் பின்புறம் ஒரு சார்ஜர். திரை இருண்டிருக்கிறது. அல்லது திரை எரிகிறது, ஆனால் யாரோ போன வாரம் அவசரநிலைச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை விடுவிக்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது எல்லாம் சரி, மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்று இயந்திரம் தானே நின்றுகொள்கிறது. அல்லது இயந்திரத்துக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு சிக்னல் இல்லாததால் பணம் கட்டியதை அது ஏற்கவில்லை. அல்லது காரும் சார்ஜரும் கைகுலுக்க மறுக்கின்றன: இரண்டும் ஒரே தரத்தில் செய்யப்பட்டவை, இருந்தும் மென்பொருளில் ஏதோ மனஸ்தாபம். எதுவுமே இல்லையென்றால் சார்ஜருக்கு முன்னால் ஒரு டீசல் ஜீப்பை நிறுத்திவிட்டு அதன் சொந்தக்காரர் உள்ளே மட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலை செய்யும் சார்ஜரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளியே 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். இரண்டு குழாய்கள் தொங்கும். பல இயந்திரங்களில் ஒரு கார் நின்றால்தான் அறுபது. இரண்டாவது கார் வந்து செருகினால் ஆளுக்கு முப்பது. நாற்பது நிமிடக் கணக்கு ஒன்றேகால் மணி நேரமாகிவிடும். இரண்டாவதாக வந்தவர் முதலில் வந்தவரைக் குற்ற உணர்வோடு பார்ப்பதும், அவர் இவரை வேறு விதமாகப் பார்ப்பதும் இந்த நெடுஞ்சாலைகளின் புதிய சமூகக் காட்சிகள். பெட்ரோல் பங்க்கில் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அனுபவசாலிகள் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘ஆப்’ காட்டும் புள்ளியை நம்புவதில்லை. அங்கே கடைசியாக ஒரு கார் எப்போது சார்ஜ் ஆனது என்று பார்க்கிறார்கள். முந்தைய நாளே ஓட்டல் காவலாளிக்குப் போன் செய்து, ‘மெஷின் ஓடுகிறதா, அண்ணா’ என்று இந்தியிலோ மராத்தியிலோ விசாரிக்கிறார்கள். அந்தக் காவலாளியின் வாக்குக்கு அமைச்சக அறிக்கையைவிட மதிப்பு அதிகம். நாலைந்து கம்பெனிகளின் ‘ஆப்’களைப் போட்டு ஒவ்வொன்றிலும் முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கிறார்கள். இந்தத் தலைவலிக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ‘ஆப்’ வரும், பொதுத்துறை நிறுவனமான பெல் அதைத் தயாரிக்கும் என்று 2025-ல் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் சொன்னது. டீக்கடையில் ஐந்து ரூபாய்க்குக்கூட யு.பி.ஐ. வாங்கும் நாட்டில் இதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்ததே வேடிக்கை.

எல்லாவற்றையும்விட முக்கியமான தற்காப்பு: பேட்டரியைப் பத்து சதவீதம் வரை இறங்க விடுவதில்லை. இருபத்தைந்திலேயே அடுத்த சார்ஜரை எட்டிவிடப் பார்க்கிறார்கள், அது இறந்து கிடந்தால் அதற்கடுத்ததற்குப் போகத் தெம்பு வேண்டுமல்லவா? இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 55 யூனிட்டில் பதினைந்து சதவீதம் என்றால் எட்டு யூனிட், ஐம்பது கி.மீ. காரில் இருக்கிறது, ஆனால் பயன்படுத்த முடியாது. உலகச் சந்தையில் பேட்டரியின் சராசரி விலை 2024-ல் யூனிட்டுக்கு 115 டாலராக இருந்தது, கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய். அதன்படி ஒவ்வொரு காரும் எண்பதாயிரம் ரூபாய்ச் சரக்கை வெறும் பயத்துக்காகச் சுமந்துகொண்டு ஓடுகிறது. இந்தப் பயம் முற்றும்போது வாங்குகிறவர் 45 யூனிட் போதும் என்கிற இடத்தில் 55-ஐயும், 55 போதும் என்கிற இடத்தில் 79-ஐயும் வாங்குகிறார். லட்சக்கணக்கில் கூடுதல் விலை, நூற்றுக்கணக்கான கிலோ கூடுதல் எடை. சாலையோரத்தில் ஒரு இயந்திரத்தை ஒழுங்காகப் பராமரிக்க ஆகும் செலவை ஆயிரம் குடும்பங்கள் தங்கள் கார்க் கடனில் மாதத் தவணையாகக் கட்டுகின்றன.

அரசுக் கணக்கில் குறையே இல்லை. 2024 டிசம்பரில் நாட்டில் 25,202 பொது சார்ஜ் நிலையங்கள் இருந்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில்தான் அதிகம். 2019-ன் வழிகாட்டி நெறிகளே நெடுஞ்சாலையின் இரு புறமும் 25 கி.மீ.க்கு ஒரு நிலையம் வேண்டும் என்றன. 2023 மார்ச்சில் 7,432 நிலையங்கள் அமைக்க அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ரூ. 800 கோடி ஒதுக்கப்பட்டது. 2024-ல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் வசதிக்கு மட்டும் ரூ. 2,000 கோடி, இலக்கு 72,000 சார்ஜர்களுக்கு மேல். இந்த எண்களில் இரு சக்கர வாகனத்துக்கான சின்ன இயந்திரமும் ஒன்றுதான், காரை நாற்பது நிமிடத்தில் அனுப்பி வைக்கும் பெரிய இயந்திரமும் ஒன்றுதான். இவற்றில் எத்தனை, ஆண்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்தன என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் இல்லை.

அமெரிக்கா இந்தக் கேள்வியைச் சட்டத்தில் எழுதியது. மத்திய அரசுப் பணத்தில் நெடுஞ்சாலைகளில் அமையும் ஒவ்வொரு சார்ஜரும் ஆண்டின் 97 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்று 2023-ல் விதித்தது. ஒரு இடத்தில் குறைந்தது நான்கு சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 150 கிலோவாட். அங்கும் திட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது என்பது வேறு கதை. ஐரோப்பிய யூனியன் தன் முக்கியச் சாலைகளில் 60 கி.மீ.க்கு ஒரு நிலையம், 2025 முடிவுக்குள், நிலையத்துக்கு மொத்தம் 400 கிலோவாட் என்று கெடு வைத்தது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு அமைக்கும் வேக சார்ஜர்களில் ‘ஆப்’ இல்லாமலே வங்கி அட்டையால் பணம் கட்ட வசதி வேண்டும் என்றும் சொன்னது. 2024-ல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சாரக் கார்களாக இருந்த நார்வேயில், குளிர்காலத்தில் பேட்டரியின் தூரம் கணிசமாகக் குறைகிறது. அப்படியும் அவர்கள் மலைகளைத் தாண்டிப் பயணம் போகிறார்கள். நாக்பூரின் வெயில் பேட்டரிக்கு அந்தக் குளிரைவிடப் பெரிய எதிரியல்ல.

இந்தியாவில் இயந்திரங்கள் ஏன் செத்துக் கிடக்கின்றன? வைக்கக் காசு உண்டு, காக்கக் காசு இல்லை. மானியம் கிடைப்பது நிறுவும்போது. அதன் பிறகு நெடுஞ்சாலைச் சார்ஜருக்கு ஒரு நாளைக்கு நாலு கார் வந்தால் பெரிது. அந்த வருமானத்தில் மெக்கானிக்கை நூறு கி.மீ. தள்ளி அனுப்ப யாருக்கும் மனம் வராது. கார் வராததால் இயந்திரம் பழுதாகவே கிடக்கிறது, இயந்திரம் பழுதாகக் கிடப்பதால் கார் வருவதில்லை. புதிய நிலையத்துக்கு மின்வாரியத்திலிருந்து தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இணைப்புப் பெறுவது இன்னொரு புராணம். சார்ஜர் நிமிர்ந்து நின்று மாதக்கணக்கில் மின்சாரத்துக்காகக் காத்திருப்பதும் உண்டு. அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

சம்ருத்திக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நினைத்த இடத்தில் இறங்க முடியாத, வேலி போட்ட சாலை அது. டெல்லி-ஜெய்ப்பூர் போன்ற பழைய நெடுஞ்சாலையில் தாபாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் சார்ஜர் ஓடாவிட்டால் அடுத்ததில் கேட்கலாம். சம்ருத்தியின் முதல் பகுதி திறந்தபோது கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்குமே வழியில்லை என்று பயணிகள் புலம்பினார்கள். வேறு சார்ஜர் தேட வேண்டுமானால் அடுத்த சந்திப்பு வரை போய், சாலையைவிட்டு வெளியேறி, ஜால்னாவுக்கோ சம்பாஜிநகருக்கோ (பழைய அவுரங்காபாத்) போய்த் திரும்ப வேண்டும். எதிர்ச்சாரியில் இருக்கும் சார்ஜர் கண்ணுக்குத் தெரிந்தாலும் கைக்கு எட்டாது. 120 கி.மீ. வேகத்துக்காகப் போட்ட சாலையில் பேட்டரியைக் காப்பாற்ற 80-ல் ஊர்ந்து, லாரிகள் ஹாரன் அடிக்கப் போவது மரியாதையான காட்சியல்ல, பாதுகாப்பானதும் அல்ல.

விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, மே மாத விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் ஐந்தாவதாக நிற்கிறவர் இருபது நிமிடம் காத்திருப்பார். ஒற்றைச் சார்ஜருக்கு ஐந்தாவதாக நிற்கிறவர் மூன்று மணி நேரம்.

இதையெல்லாம் திட்டமிட்டுச் சமாளிக்கலாம் என்கிறார்கள் மின்சாரக் கார் அபிமானிகள். உண்மை. ஷிர்டிக்குப் போகிறவர் முந்தின வாரமே திட்டமிடுவார். ஆனால் நீண்ட பயணங்கள் எல்லாம் திட்டமிட்டு வருவதில்லை. இரவு பதினொன்றரைக்கு நாக்பூரிலிருந்து போன் வருகிறது: அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறார்கள், உடனே கிளம்பி வா. அன்று நாளெல்லாம் ஊர் சுற்றிய கார் முப்பது சதவீதத்தில் நிற்கிறது. விமானம் காலையில்தான். விதர்ப எக்ஸ்பிரஸ் மாலையிலேயே போய்விட்டது. பெட்ரோல் காரில் ஐந்து நிமிடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாம். மின்சாரக் காரில், அந்த மனநிலையில், நள்ளிரவில், பூட்டிய ஓட்டலின் பின்புறம், ஒரு இருண்ட திரையின் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். தனியாகக் கிளம்பும் பெண்ணாக இருந்தால் அங்கே நிற்கவே யோசிப்பார். குடும்பத்தில் ஒரே ஒரு கார் வைத்திருப்பவர்கள் மின்சாரத்துக்கு மாறத் தயங்குவது இந்த ஒரு இரவுக்காகத்தான். அந்த இரவு பத்து வருடத்தில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அதற்காகப் பத்து வருடம் பெட்ரோல் போடுவதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஷோரூம் விற்பனையாளர் சொல்லலாம். அவருக்கு நாக்பூரில் அப்பா இல்லை.

பெட்ரோல் காரும் பிறக்கும்போதே பங்க்குகளோடு பிறக்கவில்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல், அவர் செய்த காரில் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு நூறு கி.மீ.க்கு மேல் ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் துணிக்கறை நீக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார். அந்த அம்மாளுக்கு ஒரு வசதி இருந்தது. மருந்துக்கடை திறந்திருந்தது, கடைக்காரர் கடையில் இருந்தார்.

இப்போதைக்கு யார் துணிந்து வாங்கலாம்? தினம் நகரத்துக்குள் ஐம்பது அறுபது கி.மீ. ஓட்டுகிறவர், சொந்த வாகன நிறுத்தத்தில் பிளக் உள்ளவர், வருடத்துக்கு நாலு முறை மட்டும் வெளியூர் போகிறவர். அவருக்கு நகரத்தில் மிச்சமாகும் பணத்தில் அந்த நாலு பயணங்களும் கிட்டத்தட்ட இலவசம். மும்பை-புனே மாதிரி 150 கி.மீ. தூரங்களில் வழியில் சார்ஜரே தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அவுரங்காபாத், அகோலா என்று அலையும் விற்பனைப் பிரதிநிதி இன்னும் இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்கலாம். அடுக்குமாடி வீட்டில் சங்கம் பிளக் போட விடாதவர் நீண்ட பயணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் சங்கச் செயலாளரைப் பற்றி யோசிப்பது நல்லது.

சரி, இரண்டு நிறுத்தத்தில் நாக்பூர் தாண்டி ஊர்ப்புறத்துப் பழைய வீட்டுக்கும் வந்து சேர்ந்தாயிற்று. பேட்டரியில் பதினெட்டு சதவீதம். வீட்டில் மோட்டார் பம்ப்புக்காகப் போட்ட 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. மணிக்கு மூன்று யூனிட் ஏறும், படுக்கப் போகும்போது செருகினால் மறுநாள் காலைப் பலகாரத்துக்குள் முக்கால்வாசி நிரம்பிவிடும். காரோடு வந்த சார்ஜரை எடுத்துச் செருகினால் சிவப்பு விளக்கு. பிளக் சரி, மின்சாரமும் வருகிறது, எர்த் சரியில்லை. ஃபிரிஜ்ஜும் டி.வி.யும் இத்தனை வருடமாகக் கண்டுகொள்ளாத குறையைக் கார் கண்டுபிடித்துவிட்டது. பாதுகாப்புக்காக அது ஏற்க மறுக்கிறது. மறுக்கத்தான் வேண்டும்.

காலையில் ஊர் எலக்ட்ரீஷியன் வருகிறார். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, குழாயை இறக்கி, அடுக்கடுக்காக உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பதினொரு மணிக்குப் பச்சை விளக்கு எரிகிறது.